மிசினண்ணை எழுதிய கல்வெட்டுகள்

செத்தவீட்டுக்குப் போனால் பிணத்தைப் பார்க்க முதல் கிணற்றை எட்டிப் பார்க்கிற மனிதர் இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரேயொருவர்தான். வருகிறவர்கள் எல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நேரே பந்தலுக்குள் போவார்கள். இவர் மட்டும் சைக்கிளைச் சாத்திவிட்டு வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போவார். கிணற்றுக் கட்டில் இரண்டு கையையும் ஊன்றி, நாலைந்து நிமிடம் உள்ளே குனிந்து பார்ப்பார். பெரிதாக ஒரு மூச்சு விடுவார். புதிதாய் வந்த சனம், "ஐயோ, அந்தாள் குதிக்கப்போறார் போலை கிடக்கு, ஆரும் ஓடிப்போய்ப் பிடியுங்கோ" என்று பதறும். ஊர்ச் சனம் அசையாது. "அது மிசினண்ணை. கிணத்திட்டைத் துக்கம் விசாரிக்கிறார். இப்ப வந்திடுவார்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை எடுக்கும்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், யாருக்கும் அது தெரியாது. கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கிற பம்பை நாங்கள் மிசின் என்போம். அதை நாற்பது வருடம் பூட்டியும் கழற்றியும் திருத்தியும் வந்தவர் மிசினண்ணை ஆனார். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்டக் கடை. அங்கிருந்து அளவெட்டி வரைக்கும் அவர் இறங்காத கிணறு கிடையாது.

மனிதர்களை அவர் முகத்தை வைத்து ஞாபகம் வைத்திருக்கவில்லை. அவரவர் கிணற்றில் தான் இறக்கிய குழாயின் நீளத்தை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருந்தார். சந்தையில் யாராவது வணக்கம் சொன்னால், கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "நீர் இருபத்திரண்டு அடியல்லோ?" என்பார். நான் கலியாணம் செய்த புதிதில் மனைவியோடு நல்லூர்க் கோயில் வாசலில் நின்றபோது எதிரே வந்தார். "ஆற்றை பிள்ளை?" என்று கேட்டார். அவள் தகப்பன் பெயரைச் சொன்னாள். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்து, "ஓ, பதினெட்டு அடி! தம்பி, நல்ல இடத்திலைதான் எடுத்திருக்கிறாய்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் மனைவி அதை இன்றைக்கும் பெரிய பாராட்டாகத்தான் வைத்திருக்கிறாள்.

அறுபத்தைந்து வயதில் முழங்கால் மறுத்துவிட்டது. கடையை ஒரே மகள் வதனியிடம் கொடுத்தார். வதனி தாயில்லாமல் மிசின்களுக்கு நடுவே வளர்ந்த பிள்ளை. அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. கலியாணம் கட்டவில்லை, கேட்டவர்களுக்கு, "எனக்கு நேரமில்லை" என்று சொல்லிவிட்டுக் கையில் இருந்த திருகாணியை இறுக்குவாள். கிணற்றுக்குள் இறங்கி வேலை செய்கிற பெண் என்று ஆரம்பத்தில் சிரித்த ஊரே, பிறகு அவளுக்காக வரிசையில் நின்றது. அவளுக்கு இருந்தது அந்தக் கடை ஒன்று. அவருக்கு இருந்தது அந்தப் பிள்ளை ஒன்று.

எங்கள் ஊரில் ஓய்வு பெற்றவர்கள் கோயில் நிர்வாக சபையில் சேர்ந்து சண்டை பிடிப்பார்கள், இல்லாவிட்டால் கனடாவுக்குப் போய்ப் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு குளிரில் நடுங்குவார்கள். மிசினண்ணையும் ஏதாவது ஒன்றைச் செய்திருப்பார். ஒருநாள் காலை ஒரு தேத்தண்ணி குடித்தார். அதில்தான் எல்லாம் கெட்டது.

"பிள்ளை, தேத்தண்ணிக்கு உப்பே போட்டனி?"

"சீனி போட்டனான்."

"நீ ஒருக்கா குடிச்சுப் பார்."

வதனி குடித்துப் பார்த்தாள். "எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியேல்லை அப்பா. எப்பவும் உப்பிடித்தானே."

"அதுதானடி பயமாக் கிடக்கு" என்றார் மிசினண்ணை.

அடுத்த ஒரு மாதம் அவர் செய்தது தேத்தண்ணி குடித்ததுதான். காலையில் ஒரு வீடு, பின்னேரம் ஒரு வீடு. "பால் வேண்டாம், வெறும் தேத்தண்ணி காணும்" என்பார். ஒரு மிடறு எடுத்து வாய்க்குள் அங்குமிங்கும் உருட்டுவார். பிறகு எழுந்துபோய் கிணற்றைப் பார்ப்பார். ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று சொல்லத் தேவையில்லை. முப்பத்தெட்டு வயதுப் பிள்ளையை வைத்திருக்கிற தகப்பன் ஆம்பிளைப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளாய்ப் போய்த் தேத்தண்ணி குடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். "கிணத்தைக்கூடப் பாக்கிறார், எவ்வளவு பொறுப்பான தகப்பன்" என்று தாய்மார் உருகினார்கள். கேட்காமலே மூன்று மாப்பிள்ளைச் சாதகங்கள் அவர் கைக்கு வந்தன.

அவர் அவற்றை வாங்கிக்கொண்டார். எழுதுவதற்கு அவருக்குக் கடுதாசி தேவைப்பட்டது. ஒவ்வொரு சாதகத்தின் பின்புறத்திலும் அந்தந்த வீட்டுத் தண்ணீரின் சுவையைக் குறித்துவைத்தார். ஒரு தாய் பொறுமையிழந்து சாதகத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கினார். பின்பக்கம் மகனின் பெயருக்கு நேரே, "கடும் உவர். முந்தி நல்லாய் இருந்தது. இனித் திருந்த வாய்ப்புக் குறைவு" என்று எழுதியிருந்தது. அந்த அம்மா அதோடு நேரே கடைக்குப் போய் வதனியின் மேசையில் சாதகத்தை அடித்தார். "என்ரை பிள்ளை உவரோ? உன்ரை அப்பரைக் கூப்பிடு!"

தனக்குக் கலியாணம் பேசப்பட்டதும், பேச்சு முறிந்ததும் இரண்டும் ஒரே நேரத்தில்தான் வதனிக்குத் தெரிந்தது.

அந்தக் கிழமையே பல்கலைக்கழகத்தில் காலநிலை மாற்றத்தைப் பற்றி ஒரு கூட்டம். அன்றைக்குச் சைக்கிள் மிதிக்க முழங்கால் விடவில்லை, மிசினண்ணை என்னுடைய மோட்டார் சைக்கிளில்தான் வந்தார். பெரிய திரையில் பனிக்கட்டி ஒன்றின் மேல் ஒரு வெள்ளைக் கரடி தனியே நின்றது. மண்டபமே கரடிக்காகக் கவலைப்பட்டது. மிசினண்ணை கையை உயர்த்தினார்.

"தம்பி, உந்தக் கரடி நிக்கிற இடத்திலை எத்தினை அடியிலை தண்ணி?"

பிள்ளைகள் சிரித்தார்கள். பேசிக்கொண்டிருந்த விரிவுரையாளர் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் வந்து மிசினண்ணை இருந்த வாங்கில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கடுதாசியில் படம் கீறிக் காட்டினார். எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல். மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கி உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. முன்பு மாரி முழுவதும் ஆறுதலாகப் பெய்த மழை இப்போது இரண்டு மூன்று நாளில் கொட்டிவிட்டு வெள்ளமாய்க் கடலுக்கு ஓடிவிடுகிறது. கடலும் உயர்ந்து உள்ளே தள்ளுகிறது. மேலே மிசின்கள் உறிஞ்ச உறிஞ்ச, கீழே இருந்து உப்பு ஏறி வருகிறது.

மிசினண்ணை அந்தக் கடுதாசியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். "இதிலை நான் எங்கை நிக்கிறன் தம்பி?" என்று கேட்டார். விரிவுரையாளர் தயங்கித் தயங்கி மேலே உறிஞ்சுகிற குழாயைப் பேனையால் தொட்டார்.

திரும்பி வரும்போது அந்தக் கடுதாசி அவருடைய சட்டைப் பையில் இருந்தது. ஒழுங்கை முகப்பில் இறங்கிக்கொண்டு, "நான் எழுதப்போறன்" என்றார்.

"என்னத்தை அண்ணை?"

"உண்மையை."

அதுவரைக்கும் அவர் தன் வாழ்நாளில் எழுதிய பெரிய வசனம், "வால்வ் போச்சு. நாளைக்கு வாறன்" என்பதுதான்.

பத்திரிகைகளுக்குக் கிழமைக்கு ஒரு கடிதம் போனது. ஒன்றும் வெளிவரவில்லை. எல்லாக் கடிதமும், "ஐயா, நான் ஒரு குற்றவாளி" என்று தொடங்கியதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒரு பத்திரிகையிலிருந்து தொலைபேசி எடுத்து, மனதைத் தளரவிடாமல் பொலிசில் போய்ச் சரணடையும்படி புத்திமதி சொன்னார்கள்.

இந்த இடத்தில் நான் என் தொழிலைச் சொல்லவேண்டும். நல்லூரில் ஓர் அச்சகத்தில் அப்போது வேலை. நாங்கள் அதிகம் அடிப்பது கல்வெட்டு. மற்ற ஊர்க்காரர்கள் பாறையை நினைக்கவேண்டாம். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற நினைவுப் புத்தகத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். முன்னால் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, அனுதாபச் செய்திகள், கடைசியில் நன்றி நவிலல். வாழ்க்கை வரலாறு என்னுடைய கணினியில் ஆயத்தமாக இருக்கும். "பண்பின் சிகரமாய், பாசத்தின் ஊற்றாய்" என்று ஆரம்பிக்கும். பெயரை மட்டும் மாற்றவேண்டும். எல்லைச் சண்டையில் இரண்டு பேரின் மண்டையை உடைத்தவரையும் நான் பண்பின் சிகரத்தில்தான் ஏற்றியிருக்கிறேன்.

எங்கள் ஒழுங்கையில் அன்னம்மா என்றொரு அம்மா தவறினார். அயலவர் சார்பில் நாலு வரி எழுதித் தரச்சொல்லி மிசினண்ணையைக் கேட்டார்கள். ஓய்வாக இருக்கிற ஆள் அவர்தானே. அவர் எழுதித் தந்தது இது:

"அன்னம்மா அக்கா இந்த வீட்டுக்குக் கலியாணம் செய்து வந்தபோது துலாவில் தண்ணீர் அள்ளித்தான் நாலு பிள்ளைகளையும் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரத்தையும் வளர்த்தார். மூத்த மகன் கனடாவுக்குப் போன அந்த வருடம் நான் அக்காவின் கிணற்றில் மிசின் பூட்டினேன். அக்கா எனக்குத் தேசிக்காய் பிழிந்து தண்ணீர் கரைத்துத் தந்தார். அதில் இருந்த உப்பு அவர் போட்டது. போன வருடம் போனபோதும் கரைத்துத் தந்தார். அதில் இருந்த உப்பு அவர் போட்டதல்ல. அந்தக் கிணற்றில் மூன்றாவது தரமும் குழாயை ஆழமாக இறக்கியவன் நான். அக்கா, மன்னிக்கவேண்டும்."

அச்சக முதலாளி இரண்டு தரம் வாசித்தார். "உதென்ன, செத்தது மனிசியோ கிணறோ?"

"ரெண்டும்தான் போலை கிடக்கு முதலாளி."

மாற்றி எழுதுவிக்க நேரமில்லை, அடித்துவிட்டோம். அந்தியேட்டி அன்று சாப்பாட்டுக்குக் காத்திருந்த சனம் வழக்கம்போலப் புத்தகத்தை விசிறியாக்கி விசுக்கிக்கொண்டு இருந்தது. யாரோ ஒருவர் தற்செயலாக அந்தப் பக்கத்தைத் திறந்தார். பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் பந்தலில் விசுக்குகிற சத்தமே இல்லை. கனடாவில் இருந்து வந்திருந்த மூத்த மகன் புத்தகத்தோடு எழுந்துபோய்க் கிணற்றடியில் நின்று அழுதார். செத்தவீட்டிலேயே அழாத மனிதர் அவர்.

சாப்பிட்டு முடிந்து கை கழுவும்போது மிசினண்ணை என் காதுக்குள் கேட்டார். "தம்பி, உந்தப் புத்தகத்தை ஆரும் எறிவினமோ?"

"என்னெண்டு அண்ணை எறியிறது? செத்த ஆளின்ரை படமெல்லோ இருக்கு. சாமியறையிலை வைப்பினம்."

"கச்சான் கடலை சுத்தக் குடுக்கமாட்டினம்?"

"பாவமெல்லோ."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "அப்ப உதுதான் இனி என்ரை பேப்பர்."

இப்படித்தான் மிசினண்ணை எழுத்தாளர் ஆனார். ஆறு மாதத்துக்குள் அவர் எழுதாத கல்வெட்டு கல்வெட்டே இல்லை என்றாகிவிட்டது. ரொறன்ரோவில் இருந்து வட்ஸ்அப்பில் செய்தி வரும்: "எங்கடை அம்மாவுக்கும் அந்தக் கிணத்து மாஸ்டரைக் கொண்டு எழுதுவியுங்கோ. மற்ற ஆக்களின்ரை மாதிரி இல்லாமல் உண்மையா இருக்கவேணும்." உண்மையாக எழுதுவதில் உள்ள ஆபத்து ரொறன்ரோவில் இருந்து பார்த்தால் தெரியாது. வாழைத்தோட்டக்காரர் ஒருவரின் கல்வெட்டில், "ஐயா கிழமைக்கு ஒருதரம் இறைத்தார். அவருடைய மருமகன் இரண்டு தரம் இறைக்கிறார். ஐயாவுக்கு அது பிடிக்கவில்லை என்று என்னிடம் மூன்று முறை சொன்னார்" என்று எழுதிவிட்டார். அந்தியேட்டிப் பந்தலில் மருமகன் எழுந்து நின்று, "மாமா உப்பிடிச் சொல்லியிருக்க மாட்டார்!" என்று கத்தினார். "சொன்னவர்தான். எனக்கும் சொன்னவர்" என்று மாமி அடுப்படிக்குள் இருந்து பதில் சொன்னார். அன்றைக்குப் பாயசம் பரிமாறவேயில்லை.

அந்த மருமகன் அடுத்த நாளே வதனியின் கடைக்குச் சொல்லிவைத்திருந்த மிசினை வேண்டாம் என்றுவிட்டு வேறிடத்தில் வாங்கினார். அவரைப் பார்த்து அவருடைய சொந்தக்காரரும் போனார்கள்.

இதற்கு மேல் மிசினண்ணை கடை வாசலில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கத் தொடங்கினார். வருகிறவர்களை உள்ளே போக முதல் அவர் பிடித்துக்கொள்வார்.

"என்ன வேணும்?"

"ரெண்டு குதிரைவலு மிசின் ஒண்டு ஐயா."

"உம்மட்டை இருக்கிறது நாலே நாலு பரப்புக் காணித் துண்டு. அதுக்கு ஒரு ஆடே போதும். என்னத்துக்கு ரெண்டு குதிரை?"

சனம் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனது. திரும்பி வரவில்லை. நாலாம் நாள் வதனி வெளியே வந்தாள். நான் அப்போது அங்கேதான் நின்றேன்; நிற்காமல் இருந்திருக்கலாம்.

"அப்பா, நான் இறக்காட்டி இன்னொருத்தன் இறக்குவான். அவன் எத்தினை அடியெண்டும் பாக்கமாட்டான்."

"அது அவன்ரை பாவம் பிள்ளை."

"உங்கடை பாவத்துக்கு நான் ஏன் கடையைப் பூட்டவேணும்? நான் சாப்பிட்டதும் படிச்சதும் உதிலைதானே? நாப்பது வரியம் இறைச்சுப்போட்டு இப்ப நீங்கள் நல்ல மனிசன் ஆகிறதெண்டால் ஆகுங்கோ. என்ரை சோத்திலை கை வைச்சோ ஆகவேணும்?"

அவர் கதிரையை விட்டு எழும்பினார். வதனி கதிரையை மடித்து உள்ளே கொண்டுபோனாள். அன்றோடு கதை பேச்சு நின்றது.

நாலு மாதம். ஒரே வீடு, ஒரே அடுப்படி, நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவருக்கு வாயும் காதுமாக என்னை நியமித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அடுத்த வளவில் குடியிருந்த பாவத்துக்காக. "தம்பி, உவளிட்டைச் சொல், என்ரை கண்ணாடியைக் காணேல்லை எண்டு" என்பார் முன் விறாந்தையில் இருந்து. எட்டடி தள்ளி யன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்து, "அண்ணை, அவரிட்டைச் சொல்லுங்கோ, அது அவற்றை நெத்தியிலை கிடக்கு" என்பாள் வதனி. நான் இரண்டையும் திருப்பிச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் இரண்டு பேரும் கேட்காத மாதிரியே இருப்பார்கள். அச்சகத்துக்கும் தொலைபேசி வரும். "சோறு மூடிக் கிடக்கு, சாப்பிட்டிட்டு மருந்துக் குளிசையைப் போடச் சொல்லுங்கோ." முதலாளி, நான் யாருக்கோ வீட்டு வேலைக்கும் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மிசினண்ணை மெலிந்துபோனார். எழுதுவதை மட்டும் விடவில்லை. ஒருநாள் தாளைக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"தம்பி, நான் செய்யிறது பிழையோ?"

கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டார். நான் பண்பின் சிகரம் எழுதுகிற ஆள்.

"ஊரிலை இருக்கிற கிணறெல்லாத்திட்டையும் மன்னிப்புக் கேட்டிட்டன்" என்றார். "பிள்ளையிட்டை என்னெண்டு கேக்கிறதெண்டு தெரியேல்லை. கேட்டால் எழுதிறதை விடவேணும். விட்டால் தண்ணி போயிடும். விடாட்டி அவள் போயிடுவாள்."

எப்போதும் பகிடியாகவே பார்த்த மனிதர் முன்னால் முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னேன். தேத்தண்ணி எடுப்பித்தேன். குடித்துவிட்டு, "நல்லூர் இன்னும் பரவாயில்லை" என்றார்.

எல்லாவற்றையும் சேர்த்துப் புத்தகமாகப் போடுகிற யோசனை முதலாளியுடையது. அவருக்குக் காலநிலையில் பெரிய அக்கறை கிடையாது. ஒவ்வொரு செத்தவீட்டுக் குடும்பமும் பத்துப் பிரதியாவது வாங்கும் என்று கணக்குப் போட்டிருந்தார். "நான் இறக்கிய குழாய்கள்" என்று மிசினண்ணையே தலைப்பு வைத்தார். ஒரு ஞாயிறு காலை, வாசிகசாலை மண்டபத்தில் வெளியீடு. முதல் நாள் பின்னேரம் ஒரு பிரதியைக் கடைக்குக் கொண்டுபோனேன். வதனி தலையை நிமிர்த்தவில்லை. "அதிலை வையுங்கோ" என்றாள். வாசலில் திரும்பிப் பார்த்தபோது புத்தகத்தின் மேல் ஒயில் தகரம் ஏறியிருந்தது.

விழாவில் நடந்த பெரிய பிழை என்னுடையது. அழைப்பிதழை நான்தான் வடிவமைத்தேன். பழகிப்போன கை. மிசினண்ணையின் படத்தை மேலே வைத்து, சுற்றிவரக் கறுப்புக் கரை போட்டு, கீழே மரண அறிவித்தல்களில் வருகிற வழக்கமான வசனத்தையும் எடுக்க மறந்துவிட்டேன்: "இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்." முழுவதும் வாசித்தவர்களுக்கு விளங்கியிருக்கும். எங்கள் ஊரில் அந்தக் கரையைக் கண்டபிறகு முழுவதும் வாசிப்பவர்கள் குறைவு.

அன்று காலை மண்டபம் நிறைந்துவிட்டது. எல்லோரும் வெள்ளை உடுப்பு. யாரும் யாரோடும் சிரிக்கவில்லை. வாசலில் கைகூப்பி வரவேற்றுக்கொண்டு நின்ற மிசினண்ணையைக் கண்டு ஓர் அம்மா தூணைப் பிடித்துக்கொண்டார். "எப்ப நடந்தது?" என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டவர்கள் ஐந்தாறு பேர். விளங்கப்படுத்தியும் பாதிப்பேருக்கு நம்பிக்கை வரவில்லை. மேடையில் வேறு, இறந்தவர்களின் பெயர்களையே ஒவ்வொருவராகச் சொல்லிச் சொல்லிப் பேசினார்கள். இடையில் எழும்பிப் போனவர்கள், செத்தவீட்டில் செய்கிற மாதிரி ஒருவருக்கும் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் போனார்கள். அங்கே யாரும் போய் வருகிறேன் என்று சொல்வதில்லையே.

வரவேற்புரை, வெளியீட்டுரை, ஆய்வுரை எல்லாம் முடிந்தன. கடைசியில் ஏற்புரைக்கு மிசினண்ணை ஒலிவாங்கியின் முன்னால் வந்தார். தாளை விரித்தார். "சபையோருக்கு வணக்கம். நான் ஒரு குற்றவாளி" என்று தொடங்கினார்.

பின் கதவடியில் ஒரு சலசலப்பு. வதனி வந்து நின்றாள். வேலை உடுப்பு, முழங்கை வரைக்கும் சேறு, கமக்கட்டில் அந்தப் புத்தகம். முன்னட்டையில் ஒயில் தகரத்தின் வட்டம் தெரிந்தது. உள்ளே பக்கங்கள் மடித்து மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"அப்பா!"

நாலு மாதத்துக்குப் பிறகு கேட்ட அந்தச் சொல்லுக்கு மண்டபம் முழுவதும் திரும்பியது.

"அப்பா, தபால்காரர் வளவுக் கிணத்திலை எத்தினை அடியிலை உப்புத் தொடங்குது? புத்தகம் முழுக்கத் தேடிப் பாத்திட்டன். அவையின்ரை வீட்டிலை இன்னும் ஒருத்தரும் சாகேல்லை, அதாலை இதிலை இல்லை."

மிசினண்ணை தாளைக் கீழே வைத்தார். பழக்க தோசத்தில் முன்வரிசையில் இருந்த என்னைப் பார்த்து, "தம்பி, பிள்ளையிட்டைச் சொல், இருபத்து..." என்று ஆரம்பித்தார். பிறகு நிறுத்தினார். கண்ணை என்னிடமிருந்து எடுத்துக் கதவடிக்குக் கொண்டுபோக அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"இருபத்தேழிலை உப்பு, பிள்ளை. நான் முந்தி இறக்கிப்போட்டுத் திருப்பி எடுத்தனான். இருபத்தஞ்சிலை நிப்பாட்டு."

"ஆக்கள் முப்பது கேக்கினம்."

"குடுக்காதை."

"குடுக்கேல்லை. அதுதானே கேக்க வந்தனான்." புத்தகத்தை மற்றக் கமக்கட்டுக்கு மாற்றினாள். "அப்ப சரி. அப்பா, நான் போயிட்டு வாறன்."

மண்டபம் முழுவதுக்கும் கேட்கச் சொல்லிவிட்டு அவள் போனாள். மிசினண்ணை தாளை எடுத்தார், பார்த்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ஏற்புரை முடிஞ்சுது" என்றார்.

நாலு மாதமாக நான் பார்த்துவந்த தூது வேலை அந்த நிமிடத்தோடு போய்விட்டது. வேலை போன மனிதன் அவ்வளவு சந்தோசமாக அழுது நீங்கள் கண்டிருக்கமாட்டீர்கள். பக்கத்துக் கதிரையில் இருந்த, பாதி விளங்கிய ஒரு பெரியவர் என் முதுகைத் தடவினார்.

"அழாதையும் தம்பி. நல்ல மனிசன் எண்டுதான் எல்லாரும் கதைக்கினம்."

மேடையில் அந்த மனிதர் நெற்றியில் கிடந்த கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஓம் ஐயா" என்றேன். "நல்ல மனிசன்."